மூட்டைக்குச் சைக்கிள் வராது

எங்கள் பள்ளிக்கூடத்தில் யாரையும் பெயர் சொல்லி அடையாளம் காட்ட மாட்டார்கள், சைக்கிளைச் சொல்லித்தான் காட்டுவார்கள். பச்சை லேடீஸ் சைக்கிள் என்றால் பத்தாம் வகுப்பு லீடர். மணி இல்லாமல் வாயாலேயே கிணிங் கிணிங் என்று கத்திக்கொண்டு வருகிறவன் என்றால் கண்ணாடிக் கடைக்காரர் மகன். காலையில் அந்த நீளச் சாலை முழுக்கச் சைக்கிள்தான். குடோன்களிலிருந்து கிளம்பும் லாரிக்காரர்கள்கூட எங்களுக்கு வழிவிட்டு ஓரமாக நின்று பல் குத்திக்கொண்டிருப்பார்கள். நடந்து வருகிறவர்கள் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருப்பவர்கள் மட்டும்தான். சைக்கிளே ஓட்டாத பிள்ளைகள் என்று அவர்கள்மேல் எங்களுக்கு ஒரு பரிதாபம்.

இதில் மூட்டை, நான் என்று இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே சைக்கிள். ஊதா நிறம். சைக்கிள் அவளுடையது, கால் என்னுடையது. நான் மிதிப்பேன், அவள் கேரியரில் இரண்டு பேர் பையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து வருவாள். அதனால்தான் எனக்கு டிரைவர் என்றும் அவளுக்கு மூட்டை என்றும் பெயர் வந்தது. டிரைவர் என்று கூப்பிட்டால் எனக்கு ஒன்றும் இல்லை, சொல்லப்போனால் பெருமைதான். அவளை யாராவது மூட்டை என்று கூப்பிட்டால் மட்டும் வண்டியை நிறுத்திவிட்டு இறங்குவேன். அப்படிக் கூப்பிடுகிற உரிமை எனக்கு மட்டும்தான் என்பது என் கட்சி. அவள் கட்சி என்ன என்று நான் கேட்டதில்லை.

உண்மையில் எங்கள் பள்ளிக்கூடத்தில் டபுள்ஸ் கூடாது. போன வருடம் பின்னால் உட்கார்ந்து வந்த ஒருவனின் கால் சக்கரக் கம்பிக்குள் போய், கணுக்கால் உடைந்து பெரிய ரகளை ஆகிவிட்டது. அதிலிருந்து பி.டி. சார் ஒரு சட்டம் போட்டார். ஒரு சைக்கிளில் ஒரு ஆள். புதிதாகச் சைக்கிள் கொண்டுவருகிறவர்கள் மைதானத்தில் அவர் கண் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். ஓட்டிக் காட்டினால் ஹேண்டில்பாரில் ஒரு தகடு மாட்டிவிடுவார். தகடு இல்லாத வண்டி கேட்டைத் தாண்டாது. மூட்டைக்கு ஓட்டத் தெரியாது, வீடோ தூரம். அதனால் அவளுடைய அம்மா போய்ப் பேசி, அவள் கற்றுக்கொள்கிற வரைக்கும் என்று சொல்லி, எங்கள் வண்டிக்கு மட்டும் விலக்கு வாங்கியிருந்தார். ஊரிலேயே சட்டபூர்வமான ஒரே டபுள்ஸ் நாங்கள்தான்.

அவளுக்கு அது வசதி. எனக்கு அதுதான் பள்ளிக்கூடமே.

எங்கள் வீட்டுக் கதை அப்படி. அப்பாவுக்கு பேக்கரியில் அடுப்பு வேலை, விடிவதற்கு முன்னாலேயே போய்விடுவார். வீட்டிலிருந்த ஒரே சைக்கிளும் அவரோடு போய்விடும். அம்மாவுக்கு ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் இரவு வேலை. அப்பா போன பிறகு அம்மா வருகிற வரைக்கும் என் தம்பி என் பொறுப்பு. நடக்க ஆரம்பித்திருந்தான். அதாவது அடுப்பங்கரைப் பக்கமாக ஓட ஆரம்பித்திருந்தான். அம்மாவை ஆஸ்பத்திரி வேன் முனையில் இறக்கிவிடும். அம்மா மூன்று மாடி ஏறி வருவதற்குள் நான் பையை மாட்டி, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பேன். ரிலே ஓட்டத்தில் கட்டையைக் கொடுக்கிற மாதிரி அவனைக் கொடுத்துவிட்டுப் படியில் பறப்பேன். அதற்கப்புறம் சைக்கிளில் போனால் மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னாலேயே உள்ளே இருக்கலாம். நடந்து போனால் கேட்டை மூடியிருப்பார்கள்.

இதைக் கணக்குப் போட்டுச் சொல்லவில்லை, பட்டுச் சொல்கிறேன். ஒருமுறை மூட்டைக்கு அம்மை போட்டு வாரக்கணக்கில் படுத்துவிட்டாள். அடுத்தவர் வீட்டு வண்டியை அவள் இல்லாமல் எடுக்க எனக்கு மனசு வரவில்லை. நடந்தேன், ஓடினேன், விலா வலிக்க வலிக்கப் போய் நின்றேன். கேட்டை மூடிவிட்டார்கள். நேரம் கழித்து வந்தால் திருப்பி அனுப்புவதுதான் எங்கள் பள்ளிக்கூடத்தில் வழக்கம், காரணமெல்லாம் கேட்கமாட்டார்கள். அவள் எழுந்து வருகிற வரைக்கும் தினமும் இதே கதைதான். ஒருநாள் அப்படித் திரும்பி வீட்டுக்கு வந்தால் அப்பாவின் தங்கை, என் அத்தை, உட்கார்ந்திருக்கிறார். சட்டைக்குப் பட்டன் வைக்கிற யூனிட்டில் அவர் சூப்பர்வைசர். யாராவது படிப்பை விட்டால் அத்தைக்கு மூக்கில் வியர்த்துவிடும். பக்கத்திலிருந்த பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போடு சரி, நான் ஒன்பது. இந்தப் பள்ளிக்கூடம் இல்லையென்றால் பட்டன்தான். அன்றைக்கு அத்தை என் கைவிரல்களைப் பிடித்துப் பார்த்து, நல்ல நீள விரல் என்றார். கையை உருவி முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

மூட்டையின் அம்மா மருந்துக்கடை வைத்திருந்தார். கடைக்கு மேலேயே வீடு. மாடிப்படிக்குக் கீழேதான் சைக்கிள் நிற்கும். பூட்டுக்கு இரண்டு சாவி, ஒன்று அவர்கள் வீட்டில், இன்னொன்று டிரைவர் என்கிற முறையில் என்னிடம். ஒருநாள் சாயங்காலம் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியபோது மருந்துக்கடை ஆன்ட்டி என்னைக் கடைக்குள் கூப்பிட்டார். மகளை வெளியே நிற்கச் சொன்னார். கொஞ்ச நேரம் மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டே இருந்தார்.

“நம்ம வீட்டுப் பொண்ணை ரோட்டுல போற பசங்கள்லாம் மூட்டை மூட்டைன்னு கூப்பிடறாங்களாமே,” என்றார். “எனக்குத் தாங்கலம்மா. நீ அவளுக்கு ஓட்டக் கத்துக்குடு. நான் சொன்னா பயப்படறா. நீ சொன்னா கேப்பா.”

 அவர் தொடர்ந்து, பள்ளிக்கூடத்தில் அடுத்த டெஸ்ட் எப்போது என்று கேட்டு வைத்திருப்பதாகவும், அதற்குள் அவள் தயாராகிவிட வேண்டும் என்றும் சொன்னார். உனக்கென்ன, நீ நடந்தே வந்துவிடுவாய், கால் நல்ல நீளம் என்று சிரித்தார். எங்கள் வீட்டு நேரம் காலம் எதுவும் அவருக்குத் தெரியாது. நான் சொன்னதில்லை. இப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் பரிதாபப்பட்டு யாராவது எனக்கு எதையாவது விட்டுக்கொடுத்தால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். அத்தைக்கு நீள விரல் பிடிக்கிறது, ஆன்ட்டிக்கு நீளக் கால் பிடிக்கிறது, எல்லோரும் சேர்ந்து என்னைப் பங்கு போட்டுக்கொள்ளட்டும் என்று நினைத்தபடி, சரி ஆன்ட்டி என்றேன்.

கடைக்குப் பின்னால் காய்கறி மார்க்கெட்டின் சரக்கு இறக்குகிற முற்றம் இருந்தது. சாயங்காலத்தில் அங்கே லாரி வராது. சிமெண்டுத் தரை, ஓரமெல்லாம் காலிக் கூடைகள். அங்கேதான் பாடம். நான் உயரம், அவள் குட்டை. அதனால் பாடத்துக்கு முன்னால் சீட்டுக்கு அடியில் தொங்கும் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து நட்டைத் தளர்த்தி, சீட்டை இறக்க வேண்டும். முடிந்ததும் மறுநாள் காலைக்காக மறுபடி ஏற்றி முறுக்க வேண்டும். இது தினமும்.

கற்றுத்தருவதற்கு முன்னால் என் மனசில் என்ன இருந்தது என்பதை ஒளிக்க மாட்டேன். அவளுக்கு வராமலேயே போகட்டும் என்று இருந்தது. ஆனால் சீட்டைப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்ததும் என் புத்தி என்னைக் காலை வாரிவிட்டது. ஒரு வேலையை எடுத்தால் எனக்கு அது ஒழுங்காக வந்தாக வேண்டும். டிரைவரால் ஒருத்திக்குச் சைக்கிள் கற்றுத்தர முடியவில்லை என்று நாளைக்கு நாலு பேர் சொல்லக்கூடாது. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறேன் என்று தெரிந்தே, தொண்டை வறளக் கத்தினேன். முன்னால் பார், சக்கரத்தைப் பார்க்காதே, முதுகை நிமிர்த்து, ஹேண்டிலைக் கழுத்தை நெரிக்கிற மாதிரி பிடிக்காதே.

அவள் விழுந்தாள். இடப்பக்கம் விழுந்தாள், வலப்பக்கம் விழுந்தாள், நிற்கிற சைக்கிளிலிருந்தும் விழுந்தாள். காலிக் கூடைகளுக்குள் போய் விழுந்து, தலையில் ஒரு கூடையோடு எழுந்து வந்தாள். ஒவ்வொரு தடவையும் ஆன்ட்டி பஞ்சும் மருந்துமாக ஓடி வருவார். மார்க்கெட்டில் குடியிருந்த வாண்டுகள் திண்டில் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன. இப்போ எந்தப் பக்கம் என்று பந்தயம் வேறு. எனக்குக் காதில் புகை வந்தது. அவள் மட்டும் பாவாடையைத் தட்டிக்கொண்டு, எனக்கு வராதுபோலடி என்று சாதுவாகச் சொல்வாள்.

வாரங்கள் போயின. டெஸ்ட் நெருங்கியது. நான் விட்டபாடில்லை. அவளும் விழுவதை விட்டபாடில்லை.

ஒரு சனிக்கிழமை பாடம் முடிந்து, வழக்கம்போலச் சீட்டை எனக்கு ஏற்ற உயரத்துக்கு ஏற்றி, நன்றாக முறுக்கிவிட்டு வந்தேன். திங்கட்கிழமை காலை தம்பியைக் கைமாற்றிவிட்டு ஓடிவந்து, படிக்குக் கீழிருந்து வண்டியை எடுத்து ஏறி உட்கார்ந்தால் முழங்கால் ஹேண்டிலில் இடித்தது. சீட் இறக்கியிருந்தது. கோணலாக வேறு இருந்தது, முறுக்கத் தெரியாத கை முறுக்கியிருந்தது. அந்த வீட்டில் குட்டையான ஆள் ஒன்றே ஒன்றுதான். நான் திரும்பி மூட்டையைப் பார்த்தேன். அவள் இரண்டு பையையும் அணைத்துக்கொண்டு, ஆகாயத்தில் ஏதோ பறவை போவதைப் பார்ப்பது மாதிரி திருட்டு முழி முழித்தாள்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது சொல்லிச் சமாளிப்பாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஊரே சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிற நேரத்தில், மார்க்கெட் முற்றத்துக்குப் போய்க் கூடைகளுக்குப் பின்னால் நின்றேன். மூட்டை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். ஏறினாள். முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள், தூண்களுக்கு இடையில் புகுந்து வந்தாள், பிறகு ஒரு கையை எடுத்துப் பாக்கெட்டிலிருந்து ஒரு பன்னை எடுத்துக் கடித்துக்கொண்டே, எட்டு மாதிரி வளைந்து வளைந்து ஓட்டினாள். முதுகு நிமிர்ந்து இருந்தது. ஹேண்டிலை மெதுவாகப் பிடித்திருந்தாள். நான் கத்திச் சொன்னதெல்லாம் அப்படியே இருந்தது.

எனக்கு வந்ததே கோபம். போய் வண்டிக்கு முன்னால் நின்றேன். அவள் பிரேக்கைப் பிடித்து, அழகாக ஒரு காலை ஊன்றி நின்றாள். வாயில் பன் இருந்தது.

“எவ்ளோ நாளா?” என்றேன்.

அவள் மென்று விழுங்கினாள். “ரொம்ப நாளா.”

“அப்ப எதுக்குடி கூடைக்குள்ள விழுந்து நாடகம் போட்ட? உன் பின்னாடி ஓடி ஓடி என் இடுப்பே போச்சு.”

“நான் ஓட்டறேன்னு தெரிஞ்சா சார் டபுள்ஸை நிறுத்திடுவாரு,” என்றாள். “அப்புறம் நீ எப்படி வருவ?”

நான் எதையும் அவளிடம் உட்கார்ந்து சொன்னதில்லை. ஆனால் தினமும் போகவர மிதித்துக்கொண்டே முன்னால் பார்த்துப் புலம்பியிருக்கிறேன். அம்மா வேன், தம்பி, அத்தை, பட்டன் எல்லாம். சாலையிடம் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னதெல்லாம் கேரியரில் உட்கார்ந்திருந்தவள் காதில் விழுந்திருக்கிறது. தன்னை மூட்டை என்று ஊர் சிரிக்கட்டும் என்று, முழங்கால் தோலையும் கொடுத்து, எனக்காக அவள் விழுந்துகொண்டிருந்தாள். எனக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழ வேண்டும்போல இருந்தது. ஆனால் என் வாய் அதற்குப் பழகவில்லை. என்மேல் இரக்கப்பட உன்னை யார் கேட்டது என்று கத்தினேன். இனிமேல் பாடமும் கிடையாது ஒன்றும் கிடையாது என்று கேரியரில் ஒரு அறை அறைந்துவிட்டு வந்துவிட்டேன். கை வீங்கியதுதான் மிச்சம்.

அதற்கப்புறமும் காலையில் போனோம், சாயங்காலம் வந்தோம். பேச்சு மட்டும் இல்லை. முன்னால் ஒரு உர், பின்னால் ஒரு உம்.

டெஸ்ட் நாள் வந்தது. மத்தியான இடைவேளையில் மைதானத்தில் பி.டி. சார் செங்கற்களை இடைவெளிவிட்டு வரிசையாக வைத்திருந்தார். செங்கற்களுக்கு நடுவே வளைந்து போய், மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, விசில் ஊதினால் நிற்க வேண்டும். பள்ளிக்கூடமே வேலி ஓரம் கூடிவிட்டது. மருந்துக்கடை ஆன்ட்டியும் வந்திருந்தார். பண்டிகை நாளில்கூட மூடாத கடைக்கு ‘இதோ வருகிறேன்’ என்று அட்டை தொங்கவிட்டு, கடை கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தார்.

மூட்டையின் பெயரைக் கூப்பிட்டதும், நான் முன்னமே சீட்டை இறக்கி வைத்திருந்த வண்டியை அவள் தள்ளிக்கொண்டு போனாள். போகும்போது என்னைப் பார்த்தாள். விழப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. முதல் செங்கல்லைத் தாண்டினாள், இரண்டாவதில் முன்சக்கரத்தைக் கொண்டுபோய் மோதி, வண்டியோடு சாய்ந்தாள். விழுவதில் அவளுக்கு இருந்த பழக்கத்துக்கு அது ஒன்றுமே இல்லை.

வேலி ஓரம் ஒரே சிரிப்பு. மூட்டை விழுந்துடுச்சு, மூட்டை அவுந்துடுச்சு என்று கண்ணாடிக் கடைக்காரர் மகன் கத்தினான். பி.டி. சார் விசிலை ஊதி அடக்கினார். இன்னொரு தடவை பார்க்கலாமா, இல்லை அடுத்த டெர்மில் வருகிறாளா என்று ஆன்ட்டியிடம் கேட்டார். ஆன்ட்டி குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த டெர்மே வரட்டும் சார் என்று அவர் சொன்னது அவருக்கே கேட்டிருக்காது. எந்தக் கூட்டத்திலும் சத்தமாக மருந்தின் பெயரையும் வேளையையும் சொல்கிற மனுஷி. அந்தக் குனிந்த தலையை என்னால் பார்க்க முடியவில்லை.

நான் மைதானத்துக்குள் போனேன். சீட் ஆடுகிறது, சரி செய்து தருகிறேன் சார், இன்னொரு தடவை ஓட்டட்டும் என்றேன். சார் தலையை ஆட்டினார். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன். சீட் ஆடவில்லை. இருந்தாலும் நட்டைத் திருகுவது மாதிரி திருகினேன்.

“இப்ப நீ ஓட்டல, இனிமே உன் வண்டிய நான் தொடவே மாட்டேன்,” என்றேன், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

“ஓட்டினாலும் தொட முடியாது உன்னால,” என்றாள். குரல் உடைந்திருந்தது. “கேட்டை மூடிடுவாங்க. உங்க அத்தை வந்து கூட்டிட்டுப் போயிடுவாங்க.”

“அது என் கவலை. உங்கம்மா மூஞ்சிய பாருடி.”

அவள் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்க்கவில்லை. ஏறினாள். செங்கற்களுக்கு நடுவே, மார்க்கெட் தூண்களுக்கு நடுவே போனது போலவே, வழுக்கிக்கொண்டு போனாள். மைதானத்தைச் சுற்றும்போது வேலி ஓரம் சிரித்தவர்களுக்குப் பக்கமாகவே போனாள். சிரிப்பு நின்றிருந்தது. சார் விசில் ஊதினார், அவள் ஒரு காலை ஊன்றி நின்றாள். ஆன்ட்டி மூக்கைக் கோட்டுக் கையில் துடைத்துக்கொண்டார். பிறகு என்னிடம் வந்து என் இரண்டு கன்னத்தையும் பிடித்து, நீதான் கண்ணு, எல்லாம் நீதான் என்றார். எனக்குச் சிரிக்கவும் வரவில்லை, அழவும் வரவில்லை.

சார் ஹேண்டில்பாரில் தகட்டை வைத்துத் திருகிக்கொண்டே என் பக்கம் திரும்பினார். அவர் கெட்டவர் இல்லை. எங்கள் வீட்டுக் கதை அவருக்கும் தெரியாது.

“இன்னிக்கு சாயங்காலம் மட்டும் டபுள்ஸ் போய்க்கோங்க,” என்றார். “நாளைலேருந்து ஒரு சைக்கிள்ல ஒரு ஆள். சரியாம்மா?”

சரி சார் என்றேன்.

சாயங்காலம் மூட்டை, தான் மிதிப்பதாகச் சொன்னாள். நான் முதல்தடவையாகக் கேரியரில் உட்கார்ந்தேன். என் கால் நீளத்துக்கு அது தரையைத் தேய்த்துக்கொண்டே வந்தது. கேரியர் கம்பி எவ்வளவு உறுத்தும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இவ்வளவு நாள் அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பாதி வழியில் சாலை ஓரம் தண்ணீர் டேங்க் ஒன்று இருக்கிறது. அதுவரைக்கும் முக்கி முனகி இழுத்துவந்துவிட்டு, டேங்குக்கு அடியில் இறங்கி மூச்சு வாங்கினாள். டேங்கின் இரும்பு ஏணியைப் பார்த்தாள், பள்ளிக்கூடத்துப் பக்கம் பார்த்தாள், வீட்டுப் பக்கம் பார்த்தாள். இங்கேயிருந்து பள்ளிக்கூடத்துக்கு நடந்தால் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டாள். போகப்போகிற எனக்கே கவலையில்லை, உனக்கென்ன வந்தது என்று எரிந்து விழுந்தேன். மீதி வழியைச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, பேசாமல் நடந்தே வந்தோம்.

வீட்டில் சாப்பிடும்போது அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். இன்னொரு சைக்கிள் என்ற பேச்சு வருமோ என்று அவர் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார். நான் அதைக் கேட்கவில்லை. கடைசியில், நாளைக்கு ஒருநாள் நடந்து பார், உள்ளே விடவில்லை என்றால் அத்தையிடம் பேசுவோம் என்றார். சொல்லிவிட்டுத் தட்டில் பாதிச் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். அதனால் அவரோடும் சண்டை போட முடியவில்லை.

காலையில் அம்மா படியேறி வந்ததும் தம்பியைக் கொடுத்துவிட்டுப் பறந்தேன். மருந்துக்கடைப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகுதான் பையில் அந்தச் சாவி கிணுங்கியது. திருப்பிக் கொடுக்க மறந்திருந்தேன். அதை எடுத்துக் கையில் இறுக்கிக்கொண்டேன். இன்றைக்கு அவள் முன்னால் நீட்டி, இந்தா உன் சாவி, டிரைவர் வேலையை விட்டுவிட்டேன் என்று சொல்ல வேண்டும் என்று ஒரு வசனம் தயார் செய்தேன். நடக்க நடக்க அதை இன்னும் கொஞ்சம் காரமாக்கினேன். பக்கத்தில் சைக்கிள்கள் போய்க்கொண்டே இருந்தன. வண்டி எங்கே டிரைவர் என்று ஒருவன் கேட்டான். பஞ்சர் என்றேன். பச்சை சைக்கிள் லீடர் கொஞ்ச தூரம் எனக்குப் பக்கத்தில் மெதுவாக ஓட்டிவந்தாள். அவளாலும் ஏற்றிக்கொள்ள முடியாது. அதனால் அவளும் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் சாலையில் சைக்கிளே இல்லாமல் போயிற்று. அப்போது என் வசனமெல்லாம் கரைந்து, கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஓடவும் தெம்பில்லை. போய் என்ன ஆகப்போகிறது என்று இருந்தது.

டேங்க் தெரிந்தது. ஏணியில் ஊதா நிறத்தில் ஏதோ சாய்ந்திருந்தது.

 முதல்நாள், தனியாக, லாரிகள் போகிற சாலை. விழுந்துவிட்டாள், யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்றுதான் நினைத்தேன். ஓடிப்போய்ச் சாலையோரக் கால்வாயை எட்டிப் பார்த்தேன், டேங்குக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன், மூட்டை மூட்டை என்று கத்தினேன். ஒருவரும் இல்லை. வண்டியில் ஒரு கீறல்கூட இல்லை. பின்சக்கரம் ஒழுங்காகப் பூட்டியிருந்தது. பிறகுதான் சீட்டைப் பார்த்தேன்.

சீட் ஏற்றியிருந்தது. அவளால் ஏறியே உட்கார முடியாத உயரத்துக்கு, என் உயரத்துக்கு ஏற்றியிருந்தது. முறுக்கத் தெரியாமல் முறுக்கி, மூக்கு ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது.

கையைத் திறந்தேன். இறுக்கிப் பிடித்ததில் சாவி உள்ளங்கையில் அச்சாகப் பதிந்திருந்தது.

கோணல் சீட்டில் உட்கார்ந்து எப்படி மிதித்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. அழுதுகொண்டே மிதித்தேன் என்பது மட்டும் நிஜம். பள்ளிக்கூடத்துச் சுவர் ஆரம்பிக்கிற இடத்தில் அவளைப் பிடித்துவிட்டேன். ஒற்றைப் பையை மாட்டிக்கொண்டு, சட்டை முதுகு நனைந்து, ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடந்துகொண்டிருந்தாள். அவ்வளவு தூரம் அவள் ஒருநாளும் நடந்ததில்லை. நான் பிரேக்கைப் பிடித்தேன்.

“இறங்காத,” என்றாள், திரும்பாமலேயே. “ஒரு சைக்கிள்ல ஒரு ஆள். நீ போ, நான் வந்துடுவேன்.”

கேட்டில் பி.டி. சார் தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு நின்றார். நான் வண்டியோடு உள்ளே போனேன். சார் தகட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சைக்கிளுக்குச் சொந்தக்காரி பின்னால் நொண்டிக்கொண்டு வருவதைப் பார்த்தார்.  எந்தச் சட்டத்தில் எங்களைப் பிடிப்பது என்று அவர் யோசிப்பது முகத்திலேயே தெரிந்தது. ஒரு சைக்கிள், அதில் ஒரு ஆள். மூட்டை உள்ளே வந்த பிறகுதான் தாழ்ப்பாளைப் போட்டார். மணி அடித்தது.

அவள் ஸ்டாண்டுக்கு வந்து சுவரில் சாய்ந்தாள். தான் சீக்கிரம் கிளம்பி டேங்க் வரைக்கும் ஓட்டி, வண்டியைப் பூட்டி வைத்துவிட்டு மீதியை நடப்பதாகவும், நான் டேங்க் வரைக்கும் நடந்து, மீதியை ஓட்ட வேண்டும் என்றும், தினமும் இப்படித்தான் என்றும் மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். நேற்றே யோசித்துவிட்டாளாம். சொன்னால் நான் வேண்டாம் என்று குதிப்பேன் என்றுதான் சொல்லவில்லையாம்.

எனக்கு என்னென்னவோ சொல்ல வேண்டியிருந்தது.  என் வாய் இருக்கிறதே, அது திருந்தாத வாய்.

“சீட்ட கோணலா வெச்சிருக்க,” என்றேன். “ஒரு நட்டு முறுக்கத் தெரியல உனக்கு.”

மூட்டை சுவரோடு சறுக்கிக் கீழே உட்கார்ந்து, ஷூவைக் கழற்றிக் குதிகாலைப் பார்த்தாள்.

“அதையும் கத்துக்குடு,” என்றாள்.